அக்காவின் கணக்குக்காகச் சத்தம் அடங்கிய லயம்

எங்கள் லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை தும்மினால் "நூறு" என்று சொல்லும் குரல் அடுத்த வீட்டிலிருந்துதான் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய லயம். நீளமாக ஒரே தகரக் கூரை, அதன் கீழே வரிசையாக வீடுகள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரும் கூரைவரை போகாமல் பாதி வழியில் நின்றுவிடும். கட்டினவனுக்குக் கல் போதவில்லையோ, இந்த ஆட்களுக்கு இவ்வளவு மறைப்புப் போதும் என்று நினைத்தானோ தெரியாது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லா வீட்டிலும் மணக்கும். ஒரு வீட்டில் பிள்ளையைத் திட்டினால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கொஞ்ச நேரத்துக்கு ஒழுங்காக இருப்பார்கள்.

இதனால் யாருக்கும் பெரிய இடைஞ்சல் இருந்ததாக நினைவில்லை. ஏனென்றால் எல்லா வீட்டிலும் எந்நேரமும் ஏதோ ஒரு சத்தம் இருந்தது. மலையிலிருந்து கொழுந்தெடுத்து வந்தவர்கள் கை கால் கழுவியதும் டீவி தொடங்கிவிடும். எல்லா வீட்டிலும் ஒரே நாடகம். நாடகத்து மாமியார் ஒரு வார்த்தை பேசினால் அது எங்கள் வீட்டில் ஒரு தரமும், ஒரு மூச்சுத் தள்ளிப் பக்கத்து வீட்டில் இன்னொரு தரமும் கேட்கும். அம்மா அப்பாவிடம் தனியாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நாடகத்தின் தலைப்புப் பாட்டு வரும்வரை பொறுத்திருப்பாள். பாட்டு உரக்க எழும்பும்போது அவர் பக்கம் குனிந்து சொல்லிவிடுவாள். கடைசி வீட்டில் இருந்த சித்தப்பா மறுபடி குடிக்கத் தொடங்கியது, பக்கத்து வீட்டு அத்தையின் மகளுக்கு வந்த சம்பந்தம் நின்றுபோனது, எல்லாம் எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசப்பட்டன. அம்மாவுக்கு அந்தப் பாட்டு அவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட லயம் பொங்கலிலிருந்து ஆவணிவரை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது. என் அக்கா ஏ.எல். என்கிற உயர்தரச் சோதனைக்குக் கணக்குப் படித்த வருடம் அது. நான் அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காம் ஆண்டு.

அதற்கு முந்தைய ஓ.எல். சோதனையில் அக்கா நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். எங்கள் தோட்டத்து டிவிசனில் அவளுக்கு முன்பும் ஏ.எல். படித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் எல்லோரும் கலைப்பிரிவு. கணிதப் பிரிவுக்குப் போன முதல் ஆள் அவள்தான். ஹட்டனில் ஒரு பாடசாலையில் இடம் கிடைத்து, விடியுமுன் பஸ் பிடித்துப் போய்வரத் தொடங்கினாள். அவள் படித்த பாடத்துக்குப் புத்தகத்தில் இணைந்த கணிதம் என்று பெயர். பாடசாலையில் கம்பைன்ட் மெத்ஸ். எங்கள் லயத்தில் அது சேந்த கணக்கு. பக்கத்து வீட்டு அத்தை மட்டும் ரெட்டக் கணக்கு என்பார். சும்மா கணக்கைவிட இரண்டு மடங்கு கஷ்டம் என்பது அவருடைய விளக்கம். அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை, ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்ததால் வந்த உறவு.

அக்கா படித்து முடித்து என்னவாக வருவாள் என்பதிலும் லயத்தில் ஒரு குழப்பம் இருந்தது. கணக்கு என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த உத்தியோகம் கணக்கப்பிள்ளை, அதாவது மலையில் நின்று வேலை வாங்குகிறவர். ஒரு பொம்பளைப் பிள்ளை கணக்கப்பிள்ளையாக வந்து தங்களை விரட்டப்போகிறாள் என்று கொழுந்துக்காரப் பெண்கள் கேலி பேசினார்கள். எங்கள் மாமாதான், அம்மாவின் அண்ணன், அதைத் திருத்தினார். அவர் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அவர் திருத்தினால் திருத்தினதுதான்.

"கணக்கப்புள்ள இல்ல, இஞ்சினியர். வந்து எறங்குனா தொரையே எந்திரிச்சு நிப்பாரு, பாத்துக்கிட்டே இருங்க."

அதற்குப் பிறகு லயத்தில் யாரும் அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவள் இஞ்சினியர் ஆகிவிட்டாள். பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றால் "இஞ்சினியருக்கு வழி விடுங்க" என்று முன்னால் தள்ளிவிடுவார்கள். அக்கா சிரித்துக்கொண்டே குடத்தை வைப்பாள்.

சத்தம் நின்றதற்குக் காரணமும் அக்காதான் என்பதை யோசித்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கும். ஒரு தவணைச் சோதனைக்கு முதல்நாள் சாயந்தரம். இஸ்தோப்பில், அதாவது எங்கள் முன்விறாந்தையில், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அவள் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அத்தை வீட்டில் நாடகம் உச்சத்தில் இருந்தது. அக்கா எழுந்துபோய், "அத்தை, கொஞ்சம் சத்தத்தக் கொறைக்கிறீங்களா, நாளைக்கி டெஸ்ட் இருக்கு" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். கொஞ்சம் குறைக்கத்தான் கேட்டாள்.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக டீவியை அணைத்துவிட்டார். அணைத்ததோடு நிற்கவில்லை. நேராக மாமா வீட்டுக்குப் போய், புள்ள படிக்க முடியாமல் தவிக்கிறாள், நாமெல்லாம் மனிசர்தானா என்று அழுதிருக்கிறார். தைப்பொங்கலுக்குக் கோயில் கூட்டம் வந்தது. வாழைப்பழம், கரும்பு, ஒலிபெருக்கி வாடகை எல்லாம் பேசி முடிந்ததும் மாமா எழுந்து நின்றார்.

"நம்ம புள்ள ஒருத்தி சேந்த கணக்குப் படிக்கிறா. நம்மளால கணக்குச் சொல்லிக் குடுக்க ஏலாது. சத்தம் போடாம இருக்க ஏலும்."

மாமா எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறார். எனக்குத் தெரிய அவர் பேசியதில் இதுதான் சின்னப் பேச்சு, இதுதான் நல்ல பேச்சு. கூட்டத்தில் இருந்த கிழவர்கள்கூடத் தலையை ஆட்டினார்கள். தங்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்த ஆட்களுக்கு, கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்களை யார் தடுக்க முடியும்?

மறுநாளிலிருந்து விளக்கு வைத்ததும் லயம் அடங்கிப்போனது. டீவி இல்லை, ரேடியோ இல்லை. நாடகம் பார்த்தே ஆக வேண்டும் என்றவர்கள் கீழே பணிய லயத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, போகாதவர்களுக்கு வாசலில் நின்று குசுகுசுவென்று கதை சொன்னார்கள். கோயில் ஒலிபெருக்கியின் வாயைத் தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் திருப்பிக் கட்டினார்கள். பீலியில் முறை தவறித் தண்ணீர் பிடித்ததற்காக இரண்டு பெண்களுக்கு ஒரு சாயந்தரம் சண்டை மூண்டது. இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்தபடி, நாளைக்கு மலையில் பார்த்துக்கொள்வோம் என்று மெல்லிய குரலில் பேசி முடித்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் மலையில் பார்த்தும் கொண்டார்கள். சித்தப்பாவுக்குக் குடித்தால் பழைய பாட்டுப் பாட வேண்டும். அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி வந்து, தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, காற்று மட்டும் வரும்படி பாடுவார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பேன். அவர் வாயில் விரலை வைத்து என்னை அடக்குவார்.

எனக்கு அந்த நாட்கள் திருவிழா மாதிரி இருந்தன. எங்கள் வீட்டுக்கு இவ்வளவு மரியாதை அதற்கு முன்பு வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் நான் இஞ்சினியர் தங்கச்சி.

அமைதி வந்ததும்தான் எங்கள் வீட்டில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று தெரிந்தது. அம்மா கரண்டியை வைக்கும் சத்தம், அப்பாவின் இருமல், அக்கா பேனா மூடியைக் கழற்றும் சத்தம். எங்களுக்குக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. ஒருநாள் காலையில் அத்தை தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, அக்கறையாக விசாரித்தார்.

"என்னாப் புள்ள, நேத்து தாள் திருப்புற சத்தமே கேக்கலயே. கஷ்டமான கணக்கா?"

அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். அன்றைக்குச் சாயந்தரம் அவள் நிறையத் தாள்களைத் திருப்பினாள். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து என் வீட்டுவேலையைச் செய்துகொண்டிருந்தேன். சரக் சரக் என்று ஒவ்வொரு தாளாகத் திருப்பிக்கொண்டே போனாள். கண் புத்தகத்தில் இல்லை, வாசலைப் பார்த்தபடி இருந்தது. பார்க்காமலே படிக்கிற அளவுக்கு என் அக்கா கெட்டிக்காரி என்று மறுநாள் வகுப்பில் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

நடந்தது என்னவென்று அக்கா எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து. இணைந்த கணிதத்தில் இரண்டு பாதி உண்டு. தூய கணிதம் ஒரு பாதி, பிரயோக கணிதம் மறுபாதி. இரண்டாவதைப் படிப்பித்த சேர் முதல் வருடத்திலேயே இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதிலுக்கு யாரும் வரவில்லை. டவுன் பிள்ளைகள் சனி ஞாயிறு கண்டிக்குப் போய் டியூசன் எடுத்தார்கள். அக்கா அவர்களுடைய கொப்பியை வாங்கிப் பார்த்து எழுதினாள். பார்த்து எழுதலாம், விளங்க வேண்டுமே. கப்பியில் கயிறு ஓடுவதும், சாய்தளத்தில் துணிக்கை என்கிற ஒரு துகள் வழுக்குவதும் அவளுக்குப் படமாகத்தான் தெரிந்தன, கணக்காகத் தெரியவில்லை. தவணைக்குத் தவணை புள்ளி இறங்கியது.

தூய கணிதம் படிப்பித்த சேர் நல்ல மனிதர். மாசி மாதம், சோதனைக்கு விண்ணப்பம் அனுப்பும் நேரத்தில், அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இப்படியே எழுதினால் தவறிவிடும், வர்த்தகப் பிரிவுக்கு மாறிவிடு, கீழ் வகுப்போடு சேர்ந்து படித்து ஒரு வருடம் தள்ளி எழுது, உன் தலைக்குக் கணக்கியல் சும்மா வரும், கெம்பஸ் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். "திங்கக்கிழம அப்பாவக் கூட்டிட்டு வாம்மா, அவர் ஒரு கையெழுத்து வச்சாப் போதும்." அக்காவுக்கு அன்றைக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்ததாம். பஸ்ஸில் வரும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாளாம். பஸ்ஸை விட்டு இறங்கி லயத்து வளைவில் திரும்பியபோதுதான், இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்ற எண்ணம் வந்திருக்கிறது.

அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். அம்மாவுக்கும் புரியவைக்கலாம். ஆனால் அந்த அமைதியில் வாயைத் திறந்தால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முன்பாக அத்தைக்குக் கேட்கும். அத்தைக்குக் கேட்டால் மாமாவுக்குப் போகும். தனக்காக நாடகத்தை விட்டவர்கள், பாட்டை விழுங்கியவர்கள், சண்டையை மலைக்குத் தள்ளிவைத்தவர்கள் எல்லோரும் சுவருக்கு அந்தப் பக்கம் காதோடு இருந்தார்கள். அவர்கள் முன்னால் "எனக்கு இது ஏலாது" என்று எப்படிச் சொல்வாள்?

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா வந்து உடுப்பு மாற்றாமலே அத்தை வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"அத்தை, டீவியப் போடுங்க. எனக்குச் சத்தம் இருந்தாத்தான் படிக்கிற மாரி இருக்கு."

அத்தை அவள் கன்னத்தைத் தடவினார். "எங்களுக்காகச் சொல்றியாத் தாயி? ஒரு நாடகம் பாக்காட்டி நாங்க செத்தாப் போவோம்? நீ போயிப் படி."

"இல்லத்தை, நெசமாத்தான் சொல்றேன். இன்னைக்கி ஒருநாளு மட்டும் போடுங்க."

"எவ்வளவு நல்ல மனசு பாரு இந்தப் புள்ளைக்கி" என்று அத்தை தன் மகளைப் பார்த்துச் சொன்னார். அக்கா அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் அதே பதில்தான். எங்கள் வீட்டு டீவியை நாமே போடுவோம் என்று அவள் கை வைத்தபோது அம்மா வந்து தடுத்துவிட்டாள். ஊரே நமக்காக அணைத்து வைத்திருக்கும்போது நாம் போட்டால் அது நியாயமா என்றாள். அம்மா சொன்னதிலும் தப்பில்லை. அந்தக் கதையில் யார் சொன்னதிலும் தப்பில்லை, அதனால்தான் எனக்கு யார்மேலும் கோபப்படத் தெரியவில்லை. அன்றைக்குச் சித்தப்பா பாட்டைக்கூட நிறுத்திவிட்டார். டீவி போடச் சொல்லும் அளவுக்குப் பிள்ளை தங்களுக்காக வருத்தப்படுகிறாள் என்று செய்தி பரவி, லயம் முன்னையைவிட அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கொட்டகலைக் கடைவீதிக்குப் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்றாள் அக்கா. தோட்டத்துப் பாதையில் நடந்துபோகும்போது சொல்லிவிடலாம் என்பது அவள் எண்ணம். நானும் கூடவே தொற்றிக்கொண்டேன். பாதையில் காற்று நன்றாக வீசியது, இருபக்கமும் தேயிலை, ஆள் இல்லை. அக்கா இரண்டு தரம் தொண்டையைச் செருமினாள். அதற்குள் தொழிற்சாலைக் காவல்காரர் எதிரே வந்து, எப்போது சோதனை என்று கேட்டார். அப்பா நின்று பதில் சொன்னார். அடுத்த வளைவில் லொறி டிரைவர். பிறகு சந்திக் கடைச் சிங்கள முதலாளி, மகள் இஞ்சினியராமே என்று சிங்களத்திலேயே கேட்டார். அப்பா பொதுவாகப் பேச்சுக் குறைந்த மனிதர். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது அவர் குரல் கேட்குமா என்று கணக்கப்பிள்ளையே தலையை நிமிர்த்திப் பார்ப்பார். அன்றைக்கு ஒவ்வொருவரிடமும் நின்று, இரண்டு மொழியிலும் பேசினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

கடைவீதி நெருங்கியபோது அக்கா ஒருவழியாக ஆரம்பித்தாள்.

"அப்பா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

அப்பா திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். "நீ சொல்லவே தேவல்ல. எனக்குத் தெரியும்."

அக்கா நின்றுவிட்டாள். அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். சேர் எப்படியோ அப்பாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டார் என்று நினைத்தாளாம். அப்பா எங்களை ஒரு சாமான் கடைக்குள் கூட்டிப்போய், கைப்பிடி வைத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் காட்டினார். பெட்டிமேல் உட்கார்ந்து அவளுக்கு முதுகு வலிக்கிறது என்பதை அவர் நெடுநாளாகக் கவனித்து வைத்திருந்தார். கேட்கப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள் பாவம் என்று கடைக்காரரிடமும் சொன்னார். அக்கா நாற்காலியைத் தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்குப்பா" என்றாள்.

நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார். நான் அதன் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். அக்கா பின்னால் வந்தாள். லயத்தில் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். சத்தம் போடக்கூடாதே என்பதால் கையை மட்டும் ஆட்டினார்கள். சிவப்பு நாற்காலியில் அக்காவை உட்காரவைத்து, மாமா எதிரே நின்று ஒரு பார்வை பார்த்தார்.

"மருமகளே, இனி ஒனக்கு ஒரு கொறையும் இல்ல."

திங்கட்கிழமை அக்கா தனியாகத்தான் பாடசாலைக்குப் போனாள். அப்பாவுக்கு வேலை, வர முடியவில்லை என்று சேரிடம் சொல்லிவிட்டாள். கணிதப் பிரிவுக்கே விண்ணப்பம் போனது.

ஆவணியில் சோதனை வந்தது. மழையும் காற்றுமாக இருந்த ஒரு காலையில் மாமா கோயிலில் தேங்காய் உடைத்தார். பெரட்டுக்குப் போகிற பெண்கள் பாதையின் இரண்டு பக்கமும் நின்று வழியனுப்பினார்கள். இணைந்த கணிதத்தின் இரண்டாவது வினாத்தாள் முழுக்கப் பிரயோக கணிதம். அக்காவுக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டதாம். ஆனால் நேரத்தோடு எழுந்து வந்தால் தோட்டத்துப் பிள்ளைகள் யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்களே. அதனால் கடைசிவரை உட்கார்ந்து, கப்பிகளையும் கயிறுகளையும் அடிமட்டம் வைத்து அழகாகக் கீறியிருக்கிறாள். விசைகளுக்கு அம்புக்குறிகூடப் போட்டாளாம். "எனக்குப் படம் நல்லா வரும்னு அன்னைக்கித்தான் தெரிஞ்சிச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். கூடச் சிரிக்க என்னால் முடியவில்லை.

பெறுபேறு வர மாதங்கள் ஆயின. வந்தபோது இணைந்த கணிதத்தில் அவள் சித்தியடையவில்லை. மாமா கொஞ்சமும் தளரவில்லை. இன்னும் இரண்டு தரம் எழுத இடம் உண்டு, அடுத்த தரத்துக்கும் லயத்தை அடக்கித் தருகிறேன், இந்தத் தரம் பணிய லயத்தையும் சேர்த்து அடக்குகிறேன் என்று வந்து நின்றார். அதைக் கேட்டதும் அக்கா உள்ளே போய்த் தன் உடுப்புகளை ஒரு பையில் வைக்கத் தொடங்கினாள். அந்த மாதமே கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். பிறகு கல்யாணம். இப்போது உடப்புசல்லாவையில் ஒரு முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று, இரண்டு சொல்லிக்கொடுக்கிறாள். நான் ஏ.எல். படிக்கும் வயது வந்தபோது அவளே வந்து, லயத்துக்கே கேட்கும்படியாக, இவள் வர்த்தகம்தான் படிப்பாள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் இன்று சாப்பிடுகிற சோறு அதனால் கிடைத்தது. அவளுக்காக அப்படி உரக்கச் சொல்ல அன்றைக்கு யாரும் இருக்கவில்லை.

டீவி ஒன்று ஓடியிருந்தால் அவள் சொல்லியிருப்பாளா என்று நான் கேட்டேன். யோசித்துவிட்டு, தெரியாது என்றாள். சொல்லியிருப்பேன் என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் அவள் சொல்லாமலே இருந்துவிடவில்லை. அதை நான் பார்த்தேன். கடைசி வினாத்தாள் முடிந்த அன்று சாயந்தரம் அது.

அக்கா மழையில் நனைந்து வந்தாள். எப்படி எழுதினாய் என்று வாசலில் நின்று கேட்டவர்களுக்கெல்லாம் "நல்லா எழுதினேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். மாமா லயத்தின் நடுவில் நின்று, இனிப் போடலாம் என்று கையைக் காட்டினார். அடுத்த நொடி எல்லா வீட்டிலும் டீவி எழும்பியது. ரேடியோக்கள் எழும்பின. சித்தப்பா குரலைத் திறந்து பாடினார். பீலிச் சண்டைக்காரர்கள்கூட ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசிக்கொண்டார்கள். தகரக் கூரையில் மழை வேறு. பிள்ளைகள் நாங்கள் காரணமே இல்லாமல் கத்தினோம்.

நான் எங்கள் வீட்டுக்குள் ஓடினேன். அடுப்படியில் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நனைந்த சீருடையோடு அக்கா அவள் பக்கத்தில் குந்தி, அவள் காதோடு வாயை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நீண்ட நேரம் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அம்மாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது. பிறகு அம்மா மாவுக் கையோடு அக்காவின் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை சோதனையை முடித்துவிட்ட சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, ரொட்டி வரத் தாமதமாகும் போலிருக்கிறதே என்று, நான் அத்தை வீட்டுக்கு நாடகம் பார்க்க ஓடினேன்.